மூன்று, ஒன்று, மூன்று

உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் யாரைக் கேட்டாலும் நான் குரலை உயர்த்தியது நினைவிருக்கும். எதை நிறுவினேன் என்பது நினைவிருக்காது. ஆகவே வழக்கு தெரியாத ஒருவர் எனக்குத் தேவைப்படுகிறார். கணினி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, கூட்டல் தெரிந்தால் போதும். நான் தவறிய இடத்தையும் மறைக்கப் போவதில்லை.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. திருப்பூருக்கு வடக்கே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் தமிழ் வழி. ஆறாம் வகுப்பிலிருந்து மேடை ஏறியவன். கிருத்திகை விழா, இலக்கிய மன்றம், மாவட்டப் போட்டி என்று ஓயாமல் பேசி வாங்கிய கேடயங்கள் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இடம் போதாமல் சுவரோரம் நின்றன. ஒரே தலைப்பை ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். எந்தப் பக்கம் என்பதைச் சீட்டு எடுத்த பிறகு சொன்னால் போதும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. உழைத்துக் கற்ற கலை அது.

அந்தக் கலையே எனக்கு வேலியும் ஆயிற்று. கல்லூரியில் எந்த விழா நடந்தாலும் வரவேற்புரைக்கு என்னைத் தேடுவார்கள். கணினித் துறையில் ஏதாவது நடந்தால் யாரும் தேட மாட்டார்கள். "அவன் பேசறவனப்பா" என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள், பேசுகிற வாய்க்குப் பின்னால் வேறெதுவும் இருக்க முடியாது என்பதுபோல.

கோவையில் ஒரு கல்லூரி நடத்திய நிரல் எழுதும் போட்டிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து இருவர் போகலாம் என்று அறிவிப்பு வந்தது. ஓர் இடம் இறுதியாண்டு மாணவருக்கு. மற்றொன்று எங்கள் வகுப்புக்கு. அந்த ஓர் இடம் எனக்கு வேண்டும். எப்படிப் பேசினேன் என்பதற்காக இல்லாமல், எதைச் சிந்தித்தேன் என்பதற்காக என் பெயர் ஒரு பட்டியலில் ஏற வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

சனிக்கிழமை விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். ஒரு வரிசையில் சில கட்டங்கள், எல்லாவற்றிலும் பூஜ்ஜியம். ஒரு முறைக்கு, அடுத்தடுத்து இருக்கும் கட்டங்களில் எத்தனையை வேண்டுமானாலும் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டலாம். நடுவில் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. தரப்படும் எண்வரிசையை அந்தக் கட்டங்களில் உண்டாக்கக் குறைந்தது எத்தனை முறை கூட்ட வேண்டும்?

"இதுக்கு யாரு சரியா விடை சொல்றாங்களோ அவங்க கோயமுத்தூரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கணக்கின் மேல் நான் ஞாயிறுதோறும் கை வைத்துக்கொண்டிருந்தேன். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில் விடுமுறை நாட்களில் துணி விரிப்பது என் வேலை. நீள மேசை, அதன் மேல் சுண்ணக்கட்டியால் சைஸ் சைஸாகப் பிரித்த இடங்கள். இடக்கோடியில் சிறிய சைஸ், வலக்கோடியில் பெரிய சைஸ். எந்தச் சைஸில் எத்தனை பீஸ் வேண்டுமோ அந்த இடத்தில் அத்தனை அடுக்குத் துணி விழ வேண்டும். ஒரு விரிப்பு ஓரிடத்தில் தொடங்கி, இடையில் அறாமல் ஓடி, ஓரிடத்தில் முடியும். கட்டம் என்பது சைஸ். ஒரு முறை கூட்டுவது என்பது ஒரு விரிப்பு. கரும்பலகையில் இருந்தது எங்கள் மேசை!

மேசையில் இந்தக் கேள்விக்கு விடை எல்லோருக்கும் தெரியும். எத்தனை விரிப்பு என்று யாராவது கேட்டால், உயர்ந்த அடுக்கைப் பார்த்து அந்த எண்ணைச் சொல்வார்கள். இரண்டு, நான்கு, நான்கு, ஒன்று என்றால் நான்கு விரிப்பு. கட்டிங் மாஸ்டர் அப்படித்தான் சொல்வார். நானும் அப்படித்தான் சொல்வேன். அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

நான் எழுந்தேன். மேடையில் எழுவதுபோலவே எழுந்தேன். "வரிசையில் உள்ள மிகப்பெரிய எண்ணே விடை" என்று தொடங்கி, துணியையும் மேசையையும் வகுப்பின் கண்முன் விரித்து, மலையின் உயரத்தை அளக்க உச்சியைப் பார்த்தால் போதும், சரிவை அளக்கத் தேவையில்லை என்று முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து விசில் வந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது மேடைப் பாடம். உட்கார்ந்தேன்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஒரு பருவம் முழுவதும் அவள் வகுப்பில் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம்.

"நடுவுல பள்ளம் கெடந்தா என்ன செய்வீங்க?" என்றாள்.

"என்ன பள்ளம்?"

அவள் நடந்து வந்து பலகையில் எழுதினாள்: 3, 1, 3.

"நீங்க சொல்லுத மாதிரி மூணு தடவையில போட்டுக் காட்டுங்க, பாப்போம்."

சுண்ணக்கட்டியை வாங்கினேன். முழு நீளத்துக்கு ஒரு விரிப்பு. ஒன்று, ஒன்று, ஒன்று ஆயிற்று. இடப்பக்கம் இன்னும் இரண்டு வேண்டும், வலப்பக்கம் இன்னும் இரண்டு வேண்டும். நடுவைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. என் கை பலகையில் நின்றது. மூன்றில் முடியாது. நான்கிலும் முடியாது. ஐந்து வேண்டும்.

"உச்சியைப் பாத்தாப் போதும்னீங்களே" என்றாள், கேலியே இல்லாமல். அதுதான் கூடுதலாகச் சுட்டது. வகுப்பு சிரித்தது. என் பக்கத்தில் உட்காரும் நண்பனும் சேர்ந்து சிரித்தான். "மாப்ள, மலை சரிஞ்சிருச்சுடா!"

விரிவுரையாளரும் சிரித்தார். "என்னப்பா, மைக் இல்லாமயே பெருமாநல்லூர் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனா கம்ப்யூட்டரு கைதட்டாது கண்ணு."

"சரியான விடையைத் திங்கட்கிழமை கொண்டு வர்றேன் சார்" என்றேன்.

"கொண்டா, கொண்டா. திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றார். அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள், சாட்சியே.

நான் தோற்ற காரணம் அன்று மாலை பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போதே புரிந்துவிட்டது. பனியன் போடும் உலகில் நடுத்தர உடம்புகளே அதிகம். எல்லா ஆர்டரிலும் நடுச் சைஸ்கள் நிறையவும் ஓரச் சைஸ்கள் குறைவாகவும் இருக்கும். எங்கள் மேசையில் அடுக்குகள் எப்போதும் ஒரே ஒரு குன்றாக எழுந்து இறங்கும். நடுவில் பள்ளம் விழுந்ததே இல்லை. ஆகவே உச்சியை எண்ணும் பழக்கம் எங்களை ஒருநாளும் கைவிடவில்லை. ஒரு மேசையின் பழக்கத்தை உலகத்தின் விதி என்று நாற்பது பேர் முன்னால் முழங்கியிருந்தேன். திருப்பூர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

தவறைத் தந்த மேசையிடமே திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி அரை நாள். சாப்பாட்டு வேளையில் மேசை காலியாக இருந்தது. துணி விரிக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனை பிடிப்பவன் பீகாரிலிருந்து வந்த, என் வயதே ஆன தொழிலாளி. அவனுக்குத் தமிழ் கொஞ்சம், எனக்கு இந்தி அதைவிடக் கொஞ்சம். கழுத்துப்பட்டிக்கு வெட்டி எறிந்த ரிப் துணிக் கீற்றுகளை ஒரு கைப்பிடி அள்ளி வந்து அவனைக் கூப்பிட்டேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டு வந்தான்.

"யே க்யா ஹே?" என்றான், இது என்ன என்று. "காலேஜா?"

"காலேஜ்தான். பிடி."

மேசையோரத்தில் நான்கு கட்டம் கிழித்து அவற்றின் கீழே இரண்டு, நான்கு, ஒன்று, மூன்று என்று எழுதினேன். வேண்டுமென்றே பள்ளம். துணியின் தலைப்பை எந்தக் கட்டத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டிய ஒரே செய்தி. ஒவ்வொரு விரிப்புக்கும் அதையே கேட்பான்.

"கஹாங் ஸே?" எங்கிருந்து?

முதல் கட்டத்தைக் காட்டினேன். கடைசி வரை ஓடியது. மறுபடி "கஹாங் ஸே?" மீண்டும் முதல் கட்டம், இரண்டாவதோடு நிறுத்தினேன். "கஹாங் ஸே?" இரண்டாவது. "கஹாங் ஸே?" இரண்டாவது. "கஹாங் ஸே?" நான்காவது. "கஹாங் ஸே?" நான்காவது.

வரிசை நிறைந்தது. ஆறு முறை கேட்டிருந்தான். ஒவ்வொரு முறை அவன் கேட்டபோதும், தலைப்பு வைத்த கட்டத்தின் கீழே நான் ஒரு கோடு போட்டிருந்தேன். இப்போது குனிந்து பார்த்தேன். முதல் கட்டத்தின் கீழ் இரண்டு கோடு. இரண்டாவதன் கீழ் இரண்டு. மூன்றாவதன் கீழ் ஒன்றுமில்லை. நான்காவதன் கீழ் இரண்டு.

வெறும் தரையிலிருந்து இரண்டுக்கு ஏற இரண்டு. இரண்டிலிருந்து நான்குக்கு ஏற இரண்டு. நான்கிலிருந்து ஒன்றுக்கு இறங்க ஒன்றும் வேண்டாம். ஓடிவந்த துணியை நிறுத்தினால் போதும். ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஏற இரண்டு.

இறக்கத்துக்குச் செலவில்லை. ஏற்றத்துக்கு மட்டுமே புதுத் துணி தொடங்குகிறது. உச்சியைப் பார்த்தவன் நான். பார்த்திருக்க வேண்டியது ஒவ்வொரு துணியின் இடப்பக்க ஓரத்தை. எத்தனை நீளத் துணியாக இருந்தாலும் அதற்கு இடப்பக்கம் ஓர் ஓரம்தான். ஓரங்களை எண்ணினால் விரிப்புகளை எண்ணியது ஆயிற்று.

"இன்னொரு தடவை" என்றேன். வேறு எண்கள் எழுதினேன். பிறகு அவளுடைய மூன்று, ஒன்று, மூன்று. அவன் ஐந்து முறை கேட்டான். கோடுகள்: மூன்று, ஒன்றுமில்லை, இரண்டு.

கட்டிங் மாஸ்டர் பல் குத்தியபடி வந்து நின்றார். "ஏனுங்க எஞ்சினீயரு, இதென்ன, நடுவுல குழி வெட்டி விரிச்சிருக்கீங்க? இப்படி ஒரு ஆர்டரு வந்தா ஒல்லியா இருக்கறவனும் குண்டா இருக்கறவனும் மட்டும்தான் அந்த ஊர்ல பனியன் போடுவானுங்களா?"

"அப்படி ஒரு ஊரு இருக்குதுங்க" என்றேன். "நாளைக்கு அங்கதான் போறேன்."

"போயிட்டு வாங்க. மொதல்ல மேசையக் கூட்டுங்க."

கூட்டினேன்.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் நீலத்திரை முன் உட்கார்ந்து ஆறு வரி எழுதினேன். இடமிருந்து வலமாக நட. இந்த எண் முந்தைய எண்ணைவிடப் பெரிதென்றால் வித்தியாசத்தைக் கூட்டிக்கொள். இல்லையென்றால் பேசாமல் கட. முதல் எண்ணுக்கு முந்தையது பூஜ்ஜியம். முடிவில் கையில் இருப்பதே விடை. ஒவ்வொரு அடியிலும் அப்போதைக்கு எது சிறந்ததோ அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்கும் இத்தகைய வழிமுறைகளைப் பாடப்புத்தகம் 'கிரீடி' என்கிறது, பேராசை என்கிறது. இதில் ஆசை எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஓடுகிற துணியை முடிந்தவரை ஓடவிடுகிறோம், வேறு வழியில்லாதபோது மட்டும் புதிது தொடங்குகிறோம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சிக்கனம்.

விரிவுரையாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "மிச்சம் எங்கப்பா?"

"மிச்சம் இல்லீங்க சார். அவ்வளவுதான்."

"நான் எழுதுனதே நாப்பது வரி. அடியில இருந்து ஒவ்வொரு அடுக்கா உரிச்சு எண்ணணும். இது ஏதோ குருட்டாம்போக்குல வர்றது."

கீழ்ப்படியும் நாற்காலி எனக்கு எப்போதுமே பொருந்தியதில்லை. எழுந்து நின்றேன். "சார், உங்க நிரலை அந்தக் கணினியில ஓட்டுங்க. வகுப்புல யாரு வேணும்னாலும் எண் சொல்லட்டும். அது திரையில விடை காட்டறதுக்குள்ள நான் வாயால சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் இனிமே இந்த ஆய்வகத்துல வாய் திறக்க மாட்டேன்."

"ஆஹா, அதுக்காகவாவது ஒண்ணு தப்பணும்டா சாமி!" என்றான் நண்பன். பின்வரிசை மேசைகளைத் தட்டியது.

"நாலு, ரெண்டு, அஞ்சு, ஒண்ணு, மூணு!"

"ஒன்பது" என்றேன். யாரோ தட்டச்சு செய்தார்கள். திரையில் ஒன்பது.

"ஆறு, சைபர், ஆறு!" இது நண்பன்.

"பன்னிரண்டு." பன்னிரண்டு.

விரிவுரையாளரே பலகையில் எழுதினார்: 3, 7, 7, 2, 8, 1, 4. நான் பலகையோரம் நடந்தபடியே சொன்னேன்: "மூன்று. நான்கு சேர்ந்து ஏழு. இங்கே சமம், இங்கே இறக்கம். ஆறு சேர்ந்து பதின்மூன்று. இறக்கம். மூன்று சேர்ந்து பதினாறு." திரையில் பதினாறு.

கைதட்டல் எழுந்தது. விரிவுரையாளர் கையமர்த்தினார். "மூணு சரியா வந்தா நிரூபணம் ஆயிருமா? சனிக்கிழமையும் இப்படித்தானப்பா கைதட்டுனாங்க."

அவர் சொன்னது நியாயம். அவர்மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்றும் தலை வணங்குகிறேன். "நிரூபிக்கிறேன் சார்" என்றேன்.

"இங்கிலீஷ்ல சொல்லு. அங்க ஜட்ஜஸ் அப்படித்தான் கேப்பாங்க."

"அங்கே கேட்கும்போது அங்கே சொல்கிறேன். இங்கே இந்த வகுப்புக்குப் புரிய வேண்டும்." என் வாயில் மேடைத் தமிழ் தானாகவே வந்திருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

தொடங்குமுன், சனிக்கிழமை பள்ளம் போட்டுக் காட்டிய அந்தப் பெண் எழுந்தாள். "இந்த வழியில போட்டா இத்தன விரிப்புல முடியும், அது சரி. இதுக்குக் கொறச்சலா யாராலயும் முடியாதுன்னு எப்படிச் சொல்லுதீங்க? உங்களவிடக் கெட்டிக்காரன் ஒருத்தன் வந்தா?"

அதைவிடச் சரியான கேள்வியை எந்த நடுவரும் என்னிடம் கேட்டதில்லை. என் பக்கத்தை விட்டுவிட்டு அந்தக் கெட்டிக்காரனின் பக்கத்திலிருந்து பேசினேன்.

"அவன் எப்படி வேண்டுமானாலும் விரிக்கட்டும். ஏதாவது ஓரிடத்தில் ஒன்று மூன்றாக ஏறுகிறது என்று வையுங்கள். மூன்று வேண்டிய கட்டத்தின் மேல் மூன்று துணி கிடக்க வேண்டும். அவற்றில் எத்தனை முந்தைய கட்டத்திலிருந்து ஓடி வந்திருக்க முடியும்? முந்தைய கட்டத்தில் இருப்பதே ஒன்று. ஆகவே அதிகம் போனால் ஒன்று. மீதி இரண்டும் அங்கேதான் தொடங்கியாக வேண்டும். அவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த இரண்டிலிருந்து தப்ப முடியாது. ஒவ்வொரு ஏற்றத்திலும் இதேதான். ஒரு துணிக்குத் தொடக்கம் ஒன்றுதான், ஆகவே ஓர் ஏற்றத்தில் தொடங்கிய துணியை இன்னோர் ஏற்றத்தின் கணக்கில் காட்ட முடியாது. ஏற்றங்களையெல்லாம் கூட்டுங்கள். அதற்குக் குறைவாக அவனாலும் முடியாது, என்னாலும் முடியாது. நான் அதற்கு மேல் ஒரு துணிகூடத் தொடங்கவில்லை."

கைதட்டல் வரவில்லை. எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் நோட்டில் ஏதோ போட்டுப் பார்த்தாள், அடித்தாள், மறுபடி போட்டாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள். உட்கார்ந்தாள்.

விரிவுரையாளர் தன் குறிப்பேட்டைத் திறந்து, அவருடைய நாற்பது வரிக்குக் கீழே என் ஆறு வரியை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"நல்லா இருக்குதுப்பா. ஆனா லிஸ்ட் சனிக்கிழமை சாயந்தரமே பிரின்ஸிபால் ரூமுக்குப் போயிருச்சு. அந்தப் பொண்ணு பேரு குடுத்தாச்சு."

நான் கேட்டேன்: "திங்கக்கிழமை பாத்துக்கலாம்னீங்களே சார்?"

அவர் சங்கடத்தோடு சொன்னார்: "நீ சும்மா பேசிட்டு உட்ருவேன்னு நெனச்சேன் கண்ணு."

அவள் பதறி எழுந்தாள். "எனக்குத் தெரியாது, சத்தியமா. சார், அவங்களே போகட்டும். நான் பேரை எடுத்துக்கிடுதேன்."

"வேண்டாம்" என்றேன். "அந்த மூன்று, ஒன்று, மூன்று உங்களுடையது. அது இல்லாவிட்டால் என்னிடம் இந்த ஆறு வரி இல்லை. நீங்கள்தான் போக வேண்டும்." பெருந்தன்மை என்று இதை எழுதிக்கொள்ளாதீர்கள். இன்னொருவர் எழுந்து கொடுக்கும் நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. என்னைச் சுட்டது இடம் போனதல்ல. பேசிவிட்டு விட்டுவிடுவேன் என்ற அந்த எண்ணம். எத்தனையோ கேடயங்கள் வாங்கிய பிறகும் என்னைப் பற்றி அவர்கள் வைத்திருந்த கணக்கு அது.

வகுப்பு என் வாயைப் பார்த்தது. புலம்புவேன் என்று சிலர், வெளியேறுவேன் என்று சிலர். நான் பலகையின் ஒரு மூலையில் ஆறு வரியையும் தமிழில் எழுதினேன். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில், விரிவுரையாளரைப் பார்த்தே சொன்னேன்:

"சார், இந்த வாரத்துல இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு முடிஞ்சதும் இந்தப் பலகை முன்னால நிப்பேன். ஒரு கணக்கு, ஒரு விடை, அதுக்கு ஒரு நிரூபணம், எல்லாம் தமிழ்ல. யாரு வேணும்னாலும் வந்து உடைக்கலாம், நீங்களும் வரலாம். உடைஞ்சா கைதட்டிட்டு அடுத்த வாரம் திருத்திக் கொண்டு வருவேன். ஒரு வாரம்கூட விட மாட்டேன். அடுத்த வருசம் அந்த லிஸ்ட்ட நீங்க எந்தக் கிழமை அனுப்புனாலும் சரி, என் பேரை எழுதாம அனுப்ப முடியாதபடி நான் செய்வேன்."